உழைக்கும் வருஷங்களும் சொத்துதான்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகும் இருபத்தைந்து வயதுப் பையனிடம் "உனக்கு என்னப்பா சொத்து இருக்கு?" என்று கேட்டால் சிரிப்பான். தவணை முடியாத ஒரு பைக், ஒரு போன், அம்மாவிடம் கொடுத்துவைத்த கொஞ்சம் பணம், அவ்வளவுதான் என்பான். ஆனால் மாதம் 18,000 ரூபாய் கூலி வாங்கும் அவன் ஐம்பது வயது வரை வேலை செய்தால், கூலி ஒரு பைசா ஏறாவிட்டாலும் 54 லட்ச ரூபாய் அவன் கை வழியாகப் போகும். இன்னும் வராத அந்தப் பணம்தான் இன்றைக்கு அவனிடம் உள்ள பெரிய சொத்து.

அம்மாப்பேட்டையில் தறி ஓட்டி ஐம்பத்தைந்தைத் தொட்டவருக்கு நிலைமை நேர் எதிர். இனி வரப்போகும் கூலி கொஞ்சம். இதுவரை என்ன சேர்ந்திருக்கிறதோ அதை வைத்துத்தான் மீதி வாழ்க்கை. நிதித் திட்டமிடல் என்று பெரிய பெயர் சொல்லி அழைப்பது இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கும் முப்பது வருஷத்தைத்தான். உழைக்க முடிகிறபோதே உழைப்பில் ஒரு பங்கைப் பணமாக ஒதுக்கிக்கொண்டே வரவேண்டும். உழைக்கும் வருஷங்கள் குறையக் குறைய ஒதுக்கிய பணம் கூடவேண்டும். கல்யாணம், குழந்தை, வீடு, படிப்பு எல்லாம் நடுவில் வந்து அதில் பங்கு கேட்பவை.

மேட்டூர் அணை இருக்கும் மாவட்டத்தில் இதை விளக்கப் பெரிய பாடம் தேவையில்லை. டெல்டாவுக்கு ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பது வழக்கம். கர்நாடகத்தில் மழை வலுத்து நீர்வரத்து கூடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு. தண்ணீர் வரும் மாதமும் வேண்டிய மாதமும் வேறு வேறு என்பதால்தான் 93.47 டி.எம்.சி. கொள்ளளவில் ஒரு அணை அங்கே நிற்கிறது. வீட்டுப் பணத்துக்கும் வரும் காலம் வேறு, வேண்டிய காலம் வேறு.

கை எப்போது ஓயும்?

இணையத்தில் தேடினால் இருபதுகளில் இதைச் செய், முப்பதுகளில் அதைச் செய் என்று அட்டவணை கிடைக்கும். அவை பெரும்பாலும் மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்துப் போட்டவை. சேலத்தில் அது பாதிப் பேருக்கு ஒத்துவராது என்பது என் எண்ணம்.

சேலம் உருக்காலையில் வேலை செய்பவருக்கு ஓய்வு பெறும் தேதி முன்கூட்டியே தெரியும். மாதம் பிறந்தால் சம்பளம், அதில் பி.எஃப். பிடித்தம். கொலுசு வேலை அப்படியில்லை. நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பொடிப் பொடியான வளையங்களைப் பற்றவைக்கும் வேலை. முதலில் கண் மங்கும், அப்புறம் முதுகு பிடிக்கும். அறுபது வரை அதே வேகத்தில் செய்வேன் என்று கணக்குப் போடுவது ஆபத்து. ஏற்காட்டில் இரண்டு ஏக்கர் காப்பி வைத்திருப்பவருக்கு ஓய்வு என்பதே கிடையாது. அவர் படுத்தாலும் செடி காய்க்கும், மிளகுக் கொடி ஏறும். ஆனால் பணம் அறுவடை முடிந்த பிறகு ஒரே மூச்சில் வரும், அதை அடுத்த அறுவடை வரை இழுக்கவேண்டும். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போடுபவருக்கும் இதே கதைதான். கிழங்கு பிடுங்கப் பத்து மாதம் ஆகும்.

ஆகவே வயதைப் பார்க்கும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். என் தொழிலில் கை எப்போது ஓயும்? அதுவரை வரும் பணம் எந்தத் தினுசில் வரும்? இந்தப் பதிலை வைத்துத்தான் எதில் சேமிப்பது என்பதே முடிவாகும். சம்பளம் உறுதியாக வரும் ஆசிரியர், பலரின் பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டில் கொஞ்சம் அதிகமாகவே போடலாம். சந்தை இரண்டு வருஷம் படுத்தாலும் அவர் வீட்டில் உலை கொதிக்கும். கூலியே ஏறி இறங்கும் பட்டறைக்காரர் சேமிப்பையும் ஏறி இறங்கும் இடத்தில் வைத்தால், இரண்டும் ஒரே சமயத்தில் இறங்கினால் தாங்கமாட்டார். உருக்காலை ஊழியர் தன் சேமிப்பையெல்லாம் அந்த ஆலையை நடத்தும் செயில் நிறுவனப் பங்கிலேயே போடக்கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். சம்பளமும் சேமிப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாகாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெள்ளி விலை ஏறினால் கொலுசு ஆர்டர் குறையும், கூலி குறையும். அதே நேரம் வீட்டில் வைத்திருக்கும் வெள்ளியின் மதிப்பு ஏறும். ஆகவே கொலுசுத் தொழிலாளி கொஞ்சம் வெள்ளி வாங்கி வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. கொஞ்சம்தான்.

தனியாள்

சம்பாதிக்கத் தொடங்கி, இன்னும் யாரும் நம்மை நம்பி இல்லாத காலம் இது. சேமிக்க இதைவிட நல்ல காலம் திரும்ப வராது. ஆனால் சேமிப்புக்கு முன்னால் கடன்.

"மூணு வட்டி" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். வங்கியில் ஏழு சதவீதத்துக்கு ஒரு லட்சம் போட்டுவைத்துக்கொண்டு வெளியே ஒரு லட்சத்துக்கு மூணு வட்டி கட்டுபவர் வருஷம் 29,000 ரூபாயைக் கண்ணுக்குத் தெரியாமல் விடுகிறார். வெளி வட்டிக் கடனை அடைப்பதே அந்தக் கட்டத்தில் கிடைக்கும் மிக நல்ல முதலீடு. பட்டறையிலும் தறியிலும் வாங்கும் முன்பணம் இன்னொரு வகை. வட்டி கேட்கமாட்டார்கள். அதற்குப் பதில் வேறு இடத்தில் கூடக் கூலி கிடைத்தாலும் கணக்கை முடிக்காமல் போக முடியாது. மேலே சொன்ன 54 லட்சத்தின் சாவியை முதலாளியிடம் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

கடன் தீர்ந்ததும் அவசரப் பணம். சம்பளக்காரருக்கு மூன்று மாதச் செலவு போதும், கூலிக்காரருக்கு ஆறு மாதம், காப்பிக்காரருக்கு ஒரு வருஷம். இதைச் சாதாரண சேமிப்புக் கணக்கிலோ எஃப்.டி.யிலோ வைக்கவேண்டும். வட்டி குறைவு என்று அங்கலாய்க்கக்கூடாது. அது சம்பாதிக்க வைத்த பணமே இல்லை. ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் உள்ள பணத்துக்கு வட்டியையும் சேர்த்து 5 லட்ச ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் இது ஒரு லட்சமாகத்தான் இருந்தது.

இனிதான் நீண்டகாலச் சேமிப்பு. ஒரு கணக்கு. மாதம் 2,000 ரூபாய், ஆண்டுக்கு 7 சதவீத வட்டி. இருபத்தைந்தில் தொடங்கி ஐம்பத்தைந்து வரை கட்டினால் போடுவது 7.2 லட்சம், கிடைப்பது 24 லட்சத்துக்கு மேல். முப்பத்தைந்தில் தொடங்கினால் போடுவது 4.8 லட்சம், கிடைப்பது பத்தரை லட்சம்கூட இல்லை. பத்து வருஷம் தள்ளிப்போட்டதால் மிச்சமானது 2.4 லட்சம், போனது சுமார் 14 லட்சம். வட்டி குட்டி போட நேரம் வேண்டும்.

அரசே இதை ஒரு விலைப்பட்டியல் போலக் காட்டுகிறது. 2015-ல் வந்த அடல் பென்ஷன் திட்டத்தில் அறுபது வயதுக்கு மேல் மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால், 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் கட்டவேண்டும். 25-ல் சேர்ந்தால் 376, 30-ல் 577, 40-ல் 1,454. நாற்பதுக்கு மேல் சேரவே முடியாது. வருமான வரி கட்டுபவர்களும் சேர முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டவும் வழி உண்டு. வருமானம் சீராக இல்லாதவர்கள் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். ஆனால் இதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 35 வருஷம் கழித்து வரும் 5,000 ரூபாய் இன்றைய 650 ரூபாய்க்குச் சமம். (72-ஐ விலைவாசி ஏறும் சதவீதத்தால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் விலை இரட்டிக்கும் என்று வரும். 6 சதவீதத்துக்கு 12 வருஷம்.) அந்த பென்ஷன் மருந்துச் செலவுக்காகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கைச் சம்பளக்காரர்களுக்கு உரியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வருமானம் சீரில்லாதவர்களுக்கே அதிகம் பொருந்தும். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய் கட்டினால் கணக்கு உயிரோடு இருக்கும், அதிகபட்சம் ஒன்றரை லட்சம் கட்டலாம். எந்த மாதம் எவ்வளவு என்பது நம் இஷ்டம். தீபாவளிக்கு முன் வேலை குவியும்போது கூடுதலாகக் கட்டலாம், காப்பி விற்ற கையோடு ஒரே தவணையாகவும் கட்டலாம். ஐந்தாம் தேதிக்குள் கட்டினால் அந்த மாத வட்டியும் சேரும். 2020 ஏப்ரல் முதல் வட்டி 7.1 சதவீதம். பதினைந்து வருஷம் பூட்டிக் கிடக்கும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். சனிக்கிழமை கூலி வாங்கி ஞாயிற்றுக்கிழமை செலவழிப்பவனுக்கு அந்தப் பூட்டு வேண்டியதுதான்.

சீட்டுப் பற்றிச் சொல்லாமல் சேலத்துக்காரரிடம் சேமிப்புப் பேச முடியாது. இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் அவசரத்தில் இருக்கும் ஒருவர் 25,000 தள்ளி 75,000 எடுக்கிறார். தள்ளிய பணத்தில் நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 20,000-ஐ இருபது பேருக்கும் பிரித்தால் தலைக்கு 1,000. அந்த மாதம் ஆளுக்கு 4,000 கட்டினால் போதும். முதலில் எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார். இந்த இரண்டில் தான் யார் என்று தெரியாமலே பலர் சீட்டுப் போடுகிறார்கள். 1982-ம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டையும் பதிவு செய்யவேண்டும். கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பதிவு எண்ணைக் கேட்டால் "நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுருக்குபவரிடம் போடாதீர்கள். தீபாவளிப் பலகாரச் சீட்டுக்கும் இது பொருந்தும்.

நம்மை நம்பி ஆள் வந்தபின்

கல்யாணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒன்று மட்டும். மொய் நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் எழுதியிருப்பதெல்லாம் வட்டியில்லாக் கடன். அடுத்த இருபது வருஷத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்யவேண்டியிருக்கும். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் பட்ஜெட்டில் துண்டு விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

குழந்தை பிறந்ததும் கணக்கு மாறுகிறது. இதுவரை அந்த 54 லட்சம் ஒருவருடையது. இப்போது மூன்று பேர் அதை நம்பி இருக்கிறார்கள். சம்பாதிக்கும் ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வராமல் போகும் கூலியை ஈடுகட்டுவதுதான் ஆயுள் காப்பீட்டின் ஒரே வேலை. அதைச் சுத்தமாகச் செய்வது டேர்ம் பாலிசி. செத்தால் பணம், பிழைத்தால் ஒன்றுமில்லை. "கட்டினது திரும்ப வராதா?" என்று கேட்டே நம்மவர்கள் முதிர்வுத் தொகை தரும் பாலிசிக்குப் போய்விடுகிறார்கள். அதில் பிரீமியம் கூடுதல், காப்பீட்டுத் தொகை குறைவு. வருஷம் 20,000 கட்டி இரண்டு மூன்று லட்சத்துக்குப் பாதுகாப்பு வாங்கியவரின் குடும்பம் அந்தப் பணத்தில் எத்தனை வருஷம் ஓட்டும்? குறைந்தது பத்து வருஷ வருமானத்துக்காவது காப்பீடு இருக்கவேண்டும். பிள்ளைகள் தலையெடுத்து, கடனும் தீர்ந்தபின் டேர்ம் பாலிசி தேவையில்லை. காக்கவேண்டிய எதிர்காலக் கூலி அப்போது கொஞ்சம்தான் மிச்சம்.

டேர்ம் பாலிசி கிடைக்காதவர்கள் வங்கிக் கணக்கு வழியாகக் கிடைக்கும் இரண்டையாவது விடக்கூடாது. 18 முதல் 50 வயதுக்குள் சேரும் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு, 70 வயது வரை சேரும் சுரக்ஷா திட்டத்தில் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் கணக்கில் அந்தப் பணம் இருக்கவேண்டும். இல்லையென்றால் பாதுகாப்பு நின்றுபோகும்.

மருத்துவத்துக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷம் 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டையை நல்ல உடம்போடு இருக்கும்போதே வாங்கிவைக்கவேண்டும். அதற்கு மேல் வருமானம் உள்ளவர்கள் தனியாகப் பாலிசி எடுக்கவேண்டும், அதுவும் சர்க்கரை, ரத்த அழுத்தம் வருவதற்கு முன். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருஷம் வரை காத்திருப்புக் காலம் போட நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு.

பெண் குழந்தையென்றால் பத்து வயதுக்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கு. 2024 ஜனவரி முதல் 8.2 சதவீத வட்டி. மாதம் 1,000 ரூபாய் வீதம் பதினைந்து வருஷம் கட்டினால், இதே வட்டி நீடித்தால், இருபத்தோராவது வருஷம் சுமார் ஐந்தரை லட்சம் வரும். பதினெட்டு வயதில் படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம்.

நடுவயது நெருக்கடி

முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து வரை எல்லாரும் ஒரே சமயத்தில் கைநீட்டுவார்கள். வீடு, காலேஜ் பீஸ், தங்கை பிள்ளையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர், அம்மாவுக்கு ஆபரேஷன். திட்டம் உடைவது இங்கேதான்.

வீட்டுக்கடன் எட்டரை சதவீதத்தில் இருபது வருஷத்துக்கு 25 லட்சம் வாங்கினால் மாதத் தவணை சுமார் 21,700 ரூபாய். கட்டி முடிக்கும்போது 52 லட்சம் போயிருக்கும். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. இந்த ஊரில் வீட்டிலேயே தறியும் பட்டறையும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு வீடு என்பது தொழிலிடமும்தான். கவனிக்கவேண்டியது கடன் முடியும் வயது. நாற்பத்தைந்தில் இருபது வருஷக் கடன் வாங்கினால் அறுபத்தைந்து வரை கட்டவேண்டும். கை ஐம்பதில் ஓயும் தொழிலில் அது மகன் தலையில் போய் உட்காரும்.

என் பார்வையில் இந்தக் கட்டத்தின் பெரிய தவறு, ஓய்வுக்கால சேமிப்பை உடைத்துப் பிள்ளையின் காலேஜ் பீஸ் கட்டுவது. கேட்க நன்றாக இருக்காது, ஆனாலும் சொல்லவேண்டும். படிப்புக்கு வங்கி கடன் கொடுக்கும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்டத் தேவையில்லை என்பதுதான் கல்விக்கடனின் பொதுவான விதி, 4 லட்சம் வரை ஈடும் கேட்பதில்லை. வயசான காலத்துக் கஞ்சிக்கு எந்த வங்கியும் கடன் தராது. பையனுக்கு முன்னால் நாற்பது வருஷ உழைப்பு இருக்கிறது. அப்பாவுக்கு ஐந்து வருஷம்தான். எது கடனைத் தாங்கும்?

நகை விஷயத்தில் ஒரே ஒரு கணக்கு. வாங்கும்போது தங்கத்தின் விலைக்கு மேல் செய்கூலி, சேதாரம், வரி கொடுக்கிறோம். விற்கும்போது தங்கத்துக்கு மட்டும்தான் காசு. மகளுக்குப் போட வாங்குவது வேறு. சேமிப்பு என்ற பெயரில் ஆரமாக வாங்குவது நஷ்டத்தில் தொடங்கும் சேமிப்பு.

கை ஓய்ந்தபின்

இப்போது உழைப்பு முழுக்கப் பணமாகிவிட்டது. அதைக் காப்பாற்றுவதும் சிறுகச் சிறுக எடுத்துச் செலவழிப்பதும்தான் வேலை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அஞ்சலகத்திலும் வங்கியிலும் உண்டு. 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கொரு முறை 20,500 ரூபாய் கணக்கில் விழும். இதைவிட இரண்டு மடங்கு தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பெரிய லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய ஈமு கோழிப் பண்ணைகள் 2012-ல் சரிந்தபோது கொங்குப் பகுதியில் பணம் போட்டுத் தவித்தவர்களில் ஓய்வுப் பணத்தைப் போட்டவர்களும் உண்டு. எழுபதைக் கடந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 5 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபரில் வந்திருக்கிறது.

வீட்டையும் காட்டையும் பிள்ளைகள் பெயரில் உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதிக்கொடுப்பது நம் பக்கம் சகஜம். எழுதிக் கொடுத்த அன்றே உரிமை போய்விடும். உயில் என்றால் நாம் இருக்கும்வரை சொத்து நம்முடையது, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டால் போதும், பதிவு கட்டாயமில்லை. செட்டில்மென்ட்தான் எழுதவேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அப்படியிருந்தும் கைவிட்டால், 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவின்கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

ஒவ்வொரு கணக்கிலும் நாமினி யார் என்று ஒரு தடவை பாருங்கள். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் பெரும்பாலும் அப்பா பெயரோ அம்மா பெயரோதான் இருக்கும். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். நாமினி பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்க்கவேண்டியவர், வாரிசு யார் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோ முடிவு செய்யும். பத்து வருஷம் யாரும் தொடாத வைப்புப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். இறந்துபோன அப்பாவோ தாத்தாவோ எந்த வங்கியில் என்ன வைத்திருந்தார் என்று தெரியாவிட்டால், ரிசர்வ் வங்கி 2023-ல் தொடங்கிய உத்கம் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். அங்கே பெயர் வந்தால், இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு அந்த வங்கிக் கிளைக்குப் போகவேண்டும். பத்து வருஷம் கடந்திருந்தாலும் பணத்தைக் கேட்கும் உரிமை வாரிசுகளுக்கு உண்டு.